பாசிக்குத் தண்ணீர் ஊற்றிய வரலாறு

ஒவ்வோர் அலுவலகமும் தன் எல்லைக்குள் ஆயிரம் கன்றுகளை வளர்த்துப் பசுமையோடு விளங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நல்ல விஷயம்தான், யார் குறை சொல்ல முடியும்? எழுதியவர்கள் எல்லா அலுவலகத்துக்கும் மண் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். துறைமுக அலுவலகத்துக்கு மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் சிமெண்டுத் தளம். அங்கே இருந்த ஒரே செடி தலைமை அதிகாரியின் மேசை மேல் இருந்தது. அதுவும் பிளாஸ்டிக்.

தலைமை அதிகாரி அவசரக் கூட்டம் போட்டார். அவசரம் என்பதால் இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொள்வதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

"ஆயிரம் கன்று. எங்க வைக்கிறது? யோசனை சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. அதனால் அவரே சொன்னார்.

"பின்பக்கம் அந்தக் குடா சும்மாதானே கிடக்கு? கல்லும் மண்ணும் கொட்டித் தூத்துட்டா இடம் கிடைச்சிரும். கன்றும் வெச்ச மாதிரி ஆச்சு, அங்க கிடக்குற குப்பையும் ஒழிஞ்ச மாதிரி ஆச்சு."

மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த பாசி சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர்தான் அந்த அலுவலகத்தின் கடற்பாசிப் பிரிவு. பிரிவு என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி, அவர். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார். குடாவில் எந்தப் பாறையில் எந்தப் பாசி, போன வருடம் எவ்வளவு நீளம், இந்த வருடம் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

வேறு யாரும் கேட்டதில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையின் ஒரே குறை. வேலையில் சேர்ந்த புதிதில், குடாவுக்கு இறங்கும் படிக்கட்டில் தன் கையாலேயே ஒரு பலகை எழுதி வைத்தார். "குனிந்து பாருங்கள்" என்று இரண்டே சொல். பலகையை முழங்கால் உயரத்தில் வைத்துவிட்டார். அதைப் படிப்பதற்கே குனிய வேண்டியிருந்தது. ஆகையால் இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூடப் படிக்கவில்லை.

"சார்," என்று எழுந்தார். "குடா சும்மா கிடக்கல சார். அது கடலோட அடுப்படி."

"என்னது?"

"வெயிலை வெச்சுச் சாப்பாடு பண்றது அங்க பாசி மட்டும்தான் சார். மத்ததெல்லாம் பந்தியில உக்கார்ற கூட்டம். பாசியை நத்தையும் பொடி மீனும் தின்னுது. அதுங்களைப் பெரிய மீன் தின்னுது. பெரிய மீனை நாம திங்கிறோம். போதாக்குறைக்கு உலகத்துல உண்டாகுற பிராணவாயுவுல ஏறக்குறைய பாதி கடல்லேர்ந்துதான்னு சொல்றாங்க. கண்ணுக்குத் தெரியாத பொடிப் பாசி, இந்த மாதிரி பெரிய பாசி, எல்லாம் சேந்து பண்ற வேலை."

தலைமை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப மரம் பண்ற வேலையைத்தான் அதுவும் பண்ணுதுங்கிறீங்க."

"மரம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்தே பண்ணிக்கிட்டிருக்கு சார்."

"நிறம்?"

"பச்சை இருக்கு, பழுப்பு இருக்கு, சிவப்புக்கூட..."

"பச்சைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்." அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "ஆயிரம் தேறுமா?"

"தாராளமா."

"அப்ப கன்று வெச்சாச்சு. கூட்டம் முடிஞ்சது."

அன்றைக்குப் பாசி சார் கால் தரையில் படாமல் வீட்டுக்குப் போனார். குடா பிழைத்தது. மனைவியிடம் சொன்னார். மனைவியின் தம்பி அந்தக் குடாவின் வாயில் வலை போட்டுப் பிழைப்பவன்; அவனிடமும் சொன்னார். "உங்க படிப்பு இன்னைக்குத்தான் அத்தான் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கு," என்று அவன் மனம் திறந்து பாராட்டினான். வெற்றி என்பது எப்படி இருக்கும் என்று பாசி சாருக்கு அதுவரை தெரியாது. அதனால்தான் கொஞ்சம் அதிகமாகச் சந்தோஷப்பட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை கட்டம்மா வந்தார்.

கட்டம்மா அலுவலகத்தின் தலைமை எழுத்தர். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த அம்மாவுக்கு அன்றைக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அதனால் வந்த பெயர். கையில் பதினான்கு கட்டங்கள் கொண்ட கன்று பராமரிப்புப் படிவம் இருந்தது.

"முதல் கட்டம். ஒவ்வொரு கன்றுக்கும் எண் போட்ட அட்டை கட்டணும்."

பாசி சாரும் மைத்துனனும் இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு நாள் நின்று ஆயிரம் தகர அட்டைகளைக் கட்டினார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணை அலை கொண்டுபோனது. அது அனுமதியின்றி அலுவலக எல்லையைவிட்டு வெளியேறியது குறித்து ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுதினார். இதுவரை மோசமில்லை.

"அஞ்சாவது கட்டம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்துறீங்க?"

பாசி சார் சிரித்தார். கட்டம்மா சிரிக்கவில்லை.

"மேடம், அது கடலுக்குள்ள இருக்கு."

"தெரியும். எத்தனை தடவை?"

"ஊத்தவே வேண்டாம் மேடம்."

"'இல்லை'ன்னு எழுதினா பராமரிப்பு இல்லைன்னு ஆகும். பராமரிப்பு இல்லாதது கன்று ஆகாது. கன்று இல்லைன்னா குடாவைத் தூத்துட்டுப் புதுசா வைக்கணும். நானா சொல்றேன்? படிவம் சொல்லுது."

பாசி சார் பேனாவை எடுத்து "இரண்டு முறை" என்று எழுதினார். எழுதினதுதானே, போகட்டும் என்று நினைத்தார். இருபத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் குப்பை கொட்டிய மனிதர் அப்படி நினைக்கலாமா? அலுவலகத்தில் நடந்ததை யாரும் எழுதாமல் விடலாம். எழுதினது நடக்காமல் இருக்க முடியாது.

அடுத்த மாதமே ஆய்வுக் குழு வந்துவிட்டது. மூன்று பேர், மூவரும் பச்சைச் சட்டை. குழுத் தலைவர் படிக்கட்டின் மேலேயே நின்று குடாவைப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே?"

"தண்ணிக்கு அடியில இருக்கு சார். கொஞ்சம் குனிஞ்சு பாத்தீங்கன்னா..."

குழுத் தலைவர் குனியவில்லை. படிவத்தைப் பார்த்தார். "ரெண்டு தடவை தண்ணி ஊத்துறதா எழுதியிருக்கு. தண்ணி எங்கேர்ந்து வருது?"

பாசி சார் கடலைக் காட்டினார். வேறு எதைக் காட்டுவது?

"உப்புத் தண்ணியா?" தலைவர் திரும்பித் தன் குழுவைப் பார்த்தார். குழு அதிர்ச்சியோடு தலையாட்டியது. "உப்புத் தண்ணி செடிக்கு ஆகாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷமாவா அதுலயே விட்டு வெச்சிருந்தீங்க? ஈவு இரக்கம் வேண்டாம்?"

"சார், அதோட வீடே அதுதான் சார்."

"இது இவ்வளவு நாள் பிழைச்சதே பெரிய விஷயம்," என்றார் தலைவர். அவருக்கு நிஜமாகவே மனது கஷ்டப்பட்டிருந்தது.

மறுநாளிலிருந்து குடிதண்ணீர் லாரி குடாவுக்கு வந்தது. கடல் வற்றிப் பாறைகள் வெளியே தெரியும் நேரமாகப் பார்த்து, பாசியின் வேருக்கே போய்ச் சேரும்படி குழாயில் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. பாசிக்கு வேர் கிடையாது, பாறையைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிதான் உண்டு என்று பாசி சார் எழுத்துமூலம் தெரிவித்தார். அப்படியானால் பிடிக்கே ஊற்றும்படி திருத்திய உத்தரவு வந்தது. ஊற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும், குடாவின் மேடு பள்ளம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். மைத்துனனுக்கு வேலை கிடைத்தது.

லாரி வழக்கமாகப் போகும் தெருவில்தான் பாசி சாரின் வீடு இருந்தது. அவர் மனைவி காலிக் குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தாள்.

"வீட்டுல குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க கடலுக்குத் தண்ணி ஊத்துறீங்களாமே? கடலுக்கு அப்படி என்ன தாகம்?"

"குடாவைக் காப்பாத்துறதுக்குத்தான்."

"யார்கிட்டேர்ந்து?"

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

ஆறு வாரத்தில் பாசி வெளிற ஆரம்பித்தது. உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்ததன் மேல் தினமும் இரண்டு வேளை நல்ல தண்ணீரைப் பீய்ச்சினால் வேறென்ன ஆகும்? கரும்பழுப்பாக இருந்தது வைக்கோல் நிறமானது. விரலால் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. பாசி சார் "நன்னீரால் பாசி வெளிறுகிறது, ஊற்றுவதை உடனே நிறுத்த வேண்டும்" என்று குறிப்பு எழுதித் தலைமை அதிகாரியின் மேசையில் தானே கொண்டுபோய் வைத்தார்.

தலைமை அதிகாரி முதல் பாதியைப் படித்தார். "வெளிறுதா? வெயில். வேற என்ன? ஒன்பதாவது கட்டத்தை விட்டுட்டீங்க போலிருக்கே."

ஒன்பதாவது கட்டம்: வெயிலிலிருந்து பாதுகாப்பு.

"சார், வெயில்தான் சார் அதுக்கு அரிசி பருப்பு எல்லாம். வெயிலை மறைச்சா எதை வெச்சுச் சமைக்கும்?"

"நீங்க போய் ஒரு மணி நேரம் அந்தப் பாறை மேல நில்லுங்க. உங்களுக்கே தெரியும் வெயில் நல்லதா கெட்டதான்னு."

"நான் பாசி இல்ல சார்."

"அதனாலதான் அதோட கஷ்டம் உங்களுக்குப் புரியல."

குடா முழுவதையும் மூடிப் பச்சை நிழல்வலை கட்டினார்கள். கெட்டியான வலை. பத்து இரும்புக் கம்பம், நாற்பது கொக்கி. கட்டி முடித்த அன்று மேலிடத்திலிருந்து வானத்துப் படம் எடுத்து ஒவ்வோர் அலுவலகத்தின் பசுமையையும் அளந்தார்கள். துறைமுக அலுவலகத்தின் பசுமை பூஜ்யத்திலிருந்து அறுபத்தொரு சதவீதத்துக்கு ஏறியிருந்தது. தலைமை அதிகாரி பாசி சாரின் அறைக்கே நேரில் வந்து கைகொடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உட்கார இடம் இல்லாததால் உடனே போய்விட்டார்.

செய்தி ஊரில் பரவியதும், காலை வேளையில் சுத்தமான காற்று வாங்குவதையே ஒரு கலையாகச் செய்துவந்த பசுமைச் சுவாசக் குழு குடாவுக்கு இடம் மாறியது. முப்பது பேர் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, வலையைப் பார்த்தபடி வரிசையாக நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவார்கள். இங்கே காற்றே தனி என்று அதில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் சொன்னார். மருத்துவரே சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அவர்கள் குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர்ப் பாட்டில்களைப் பொறுக்குவதும் மைத்துனன் வேலையில் சேர்க்கப்பட்டது.

மைத்துனன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து திண்டாட்டத்தோடு உட்கார்ந்தான். "அத்தான், வலையில ஒண்ணும் விழறதில்ல. மூணு வாரமா வெறும் வலையைத்தான் உதறிட்டிருக்கேன்."

"அடுப்படி அணைஞ்சா பந்திக்கு யாரு வருவா? தண்ணி ஊத்துறதை நிறுத்து மாப்ளே."

"நிறுத்தினா கூலி போயிருமே."

"மீன் திரும்பி வருமே."

"எப்ப வரும்?"

"ஒரு வருஷம், ரெண்டு வருஷம்."

"கூலி சனிக்கிழமை வரும் அத்தான்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மீன் கிடைச்சா இந்த வேலையே எனக்கு வேண்டாம். மீன் கிடைக்கலைன்னுதானே தண்ணி ஊத்துறேன்."

அவன் ஊற்றுவதால்தான் மீன் கிடைக்கவில்லை என்று பாசி சார் சொல்லியிருக்கலாம். ஆனால் படிவத்தில் கையெழுத்து யாருடையது என்று அவன் திருப்பிக் கேட்டால்?

ஒரு மத்தியானம் லாரி போன பிறகு, பாசி சார் வலையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பச்சை இருட்டு. குனிந்து பார்த்தார். பாறைகள் மொட்டையாகக் கிடந்தன. நத்தை இல்லை, நண்டு இல்லை. ஆயிரம் தகர அட்டைகளில் அறுநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைத் தவிர எல்லாம் பத்திரமாக இருந்தன. கட்டியிருந்த பாசியைத்தான் காணவில்லை. அவர் அந்த ஈரப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதார். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி அழுதார், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. பிறகு முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவினார். அது உப்புக் கரிக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கட்டம்மா படிவத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"பன்னிரண்டாவது கட்டம். பட்டுப்போன கன்று எத்தனை?"

பாசி சார் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பத்துக்கு மேல போனா திட்டம் தோல்வின்னு ஆகும்," என்றார் கட்டம்மா. குரலைத் தாழ்த்தி, உள்ளபடியே அக்கறையோடு சொன்னார். "தோல்வின்னா குடாவைத் தூர்க்கணும். கல்லும் மண்ணும் தயாரா வாங்கி வெச்சிருக்காங்க, நான்தான் ரசீது போட்டேன். பாத்து எழுதுங்க சார்."

இத்தனையும் எதற்காக? குடாவுக்காகத்தானே. குடா இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் பாசி திரும்ப முளைக்கலாம். மண்ணைக் கொட்டிவிட்டால் அந்த நம்பிக்கையும் போச்சு. பாசி சார் இப்படித்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பன்னிரண்டாவது கட்டத்தில் "இல்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். தண்ணீரையும் வலையையும் நிறுத்தாமல் பாசி எப்படித் திரும்ப முளைக்கும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அப்படி ஒரு கட்டமும் இல்லை.

ஆண்டிறுதி ஆய்வுக்கு அதே பச்சைச் சட்டைகள் வந்தன. தலைமை அதிகாரி, கட்டம்மா, சுவாசக் குழு, குழாயோடு மைத்துனன், எல்லோரும் படிக்கட்டில் கூடினார்கள். குழுத் தலைவர் வலையைப் பார்த்து, "போன தடவை ஒண்ணுமே தெரியல. இப்ப எவ்வளவு பச்சை," என்று மனம் குளிர்ந்தார். பிறகு இரண்டு படி இறங்கினார். தலைவர் மெல்லக் குனிந்தார்.

இருபத்திரண்டு வருடமாக யாராவது ஒரு அதிகாரி இங்கே குனிய மாட்டாரா என்று ஏங்கியவர், குனியாமல் இருக்க வேண்டுமே என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டார்.

தலைவர் செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

"கீழ எல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்," என்றார் பாசி சார். "ஆயிரத்துக்கு ஆயிரம்."

தலைவர் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, கடற்கரை நெடுக உள்ள எல்லாக் குடாக்களுக்கும் இதே முறையில் தண்ணீர் ஊற்றி வலை கட்ட வேண்டும் என்றும், அதற்குப் பாசி சாரே பொறுப்பு என்றும் அந்த இடத்திலேயே அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சுவாசக் குழு அதோடு நிற்காமல் ஒரு மூச்சு சேர்த்து இழுத்தது. மைத்துனன் பாசி சாரின் காதருகே வந்து, "அத்தான், அப்ப என் வேலை நிரந்தரமாயிருமா?" என்று கேட்டான்.

மறுநாள் காலை சுவாசக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், தொப்பி கீழே விழுந்ததால் குனிந்தவள், படிக்கட்டில் இருந்த பழைய பலகையைப் படித்துவிட்டாள். இத்தனை வருடத்தில் முதல் வாசகி. எழுதியிருந்தபடியே வலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாசி சாரிடம் வந்தாள்.

"சார், கீழ ஒண்ணுமே இல்லையே. வெறும் கல்லுதானே இருக்கு?"

எந்தப் பாறையில் எந்தப் பாசி இருந்தது, எவ்வளவு நீளம், எதை எது தின்றது என்று அவளுக்குச் சொல்ல அவரிடம் இருபத்திரண்டு வருடத்துக் கதை இருந்தது.

"அலுவலக நேரத்துல வாம்மா," என்றார்.

அன்றைக்கு மத்தியானம் யாரும் உத்தரவு போடாமலே அவர் அந்தப் பலகையைப் பிடுங்கினார். மைத்துனன் வண்ண டப்பாவைப் பிடித்துக்கொள்ள, பழைய எழுத்தின் மேல் பச்சை அடித்துவிட்டு, "குனிந்து பார்க்காதீர்கள்" என்று எழுதினார். இந்த முறை தவறு செய்யவில்லை. கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் மாட்டினார். வந்தவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். படித்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து நடந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்னதை ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை.